பொத்தானை அழுத்தினால் வருபவர் யார்?

சென்ற மார்கழியில் எங்கள் முதியோர் நலப் பிரிவில் 78 வயதான அம்மையார் ஒருவர் சேர்க்கப்பட்டார். விடியற்காலை நான்கு மணியளவில் குளியலறையில் வழுக்கி விழுந்தவரை ஏழு மணிக்கு மேல்தான் மற்றவர்கள் கண்டார்கள். மார்கழி மாதத்தில் அவர் வீட்டு வாசலில் மட்டும் கோலம் இல்லையே என்று ஐயுற்ற பூக்காரப் பெண் அண்டை வீட்டாரை எழுப்பியிருக்கிறார். அதன் பிறகும் உள்ளே தாழிட்டிருந்த கதவைத் திறக்க ஒரு தச்சரைத் தேடிப் பிடித்து அழைத்து வர வேண்டியிருந்தது. தொடை எலும்பு முறிந்த நிலையில், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஈரத் தரையில் கிடந்திருந்தார் அவர்.

வெளிநாட்டில் பணிபுரியும் மகன் வாங்கி அனுப்பிய அவசர அழைப்புக் கருவி ஒன்று அந்த வீட்டில் இருந்தது. கழுத்தில் அணிந்துகொள்ளும் வகை. அது பெட்டியோடு பூசை அறை அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஏன் அணியவில்லை என்று கேட்டேன். "பிள்ளை அவ்வளவு விலை கொடுத்து வாங்கினது. தண்ணி பட்டுக் கெட்டுப் போயிடக் கூடாதேன்னு குளிக்கப் போறப்ப கழற்றி வெச்சேன். அப்புறம் எடுத்துப் போட்டுக்கவே இல்லை, டாக்டர்" என்றார். அவருடைய இசைவுடன், பெயரை மட்டும் தவிர்த்து, இதை எழுதுகிறேன்.

தனித்து வாழும் பெற்றோருக்கு எந்தக் கருவி நல்லது என்று வாரந்தோறும் யாரேனும் என்னிடம் கேட்கிறார்கள். கடைகளிலும் இணையத்திலும் இன்று பல வகைகள் கிடைக்கின்றன. கழுத்தில் தொங்கும் பொத்தான், கைக்கடிகாரம், சுவரில் பொருத்துவது, குரலைக் கேட்டு அழைப்பது என்று பட்டியல் நீளும். ஆனால் கருவியைப் பற்றிய கேள்வி நான்காவதாகக் கேட்க வேண்டியது என்பதே என் கருத்து. அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அழைத்தால் யார் வருவார்? வருபவர் எப்படி உள்ளே நுழைவார்? முதியவர் அதைக் குளியலறையிலும் அணிந்திருப்பாரா? இவற்றுக்கு விடை காணாமல் வாங்கும் கருவி, எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், அலமாரிக்குத்தான் போய்ச் சேரும்.

விழுந்தவுடன் உதவி கிடைப்பது ஏன் இன்றியமையாதது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பு முறிவு ஒரு துன்பம் என்றால், எழ முடியாமல் நெடுநேரம் தரையில் கிடப்பது தனியானதொரு துன்பம். உடலின் எடை ஒரே பக்கத்தில் அழுந்துவதால் தசைகள் சிதைகின்றன. சிதைந்த தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருள்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். உடலில் நீர் வற்றுகிறது, அழுத்தப் புண்கள் தோன்றுகின்றன, நுரையீரலில் தொற்று ஏற்படும் வாய்ப்புக் கூடுகிறது. குருதி உறையாமைக்கு மாத்திரை உட்கொள்பவர் தலையில் அடிபட்டால், எழுந்து நன்றாக நடமாடினாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும். மண்டைக்குள் கசியும் இரத்தம் உடனே அறிகுறி காட்டாது.

இனி முதல் கேள்வி. இத்தகைய கருவிகள் மேலை நாடுகளில் 1970களில் உருவானவை. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டிப்னர் என்னும் உளவியலாளர் 1974இல் இதற்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பொத்தானை அழுத்தினால் தொலைபேசி வழியாக ஒரு மையத்துக்குச் செய்தி போகும். அங்குள்ளவர் பேசி, தேவைப்பட்டால் உறவினரையோ அண்டை வீட்டாரையோ அனுப்புவார். அதாவது, அந்த ஏற்பாட்டின் மறுமுனையில் தொடக்கம் முதலே ஒரு மனிதர் இருந்தார். நாம் இன்று வாங்கும் பல கருவிகளின் மறுமுனையில் இருப்பதோ மகனின் கைப்பேசி. மகன் இருப்பது டொராண்டோவில். இங்கே விடியற்காலை நான்கு மணி என்றால் அவருக்கு முந்தைய நாள் மாலை. கூட்டத்தில் இருக்கலாம், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். செய்தியைப் பார்த்தாலும் அவரால் செய்யக்கூடியது, ஊரில் உள்ள இன்னொருவரை அழைப்பதுதான். அந்த இன்னொருவரையே முதல் எண்ணாகப் பதிந்து வைத்தால் என்ன?

பத்து நிமிடத்துக்குள் நடந்து வரக்கூடிய இருவரைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் குடும்பத்தாரிடம் கூறுவது வழக்கம். உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்வீட்டு ஆசிரியர், அடுக்ககத்தின் காவலாளி, மூலையில் மளிகைக் கடை நடத்துபவர் என யாராகவும் இருக்கலாம். அவர்களிடம் நேரில் சென்று கேளுங்கள். கேட்காமலேயே எண்ணைப் பதிந்து வைக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நள்ளிரவில் அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் விடுவது இயல்பே. முதியவரைக் கைகளைப் பிடித்து இழுத்துத் தூக்க வேண்டாம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். போர்வை ஒன்றைப் போர்த்தி, அருகில் அமர்ந்து, 108ஐ அழைத்தால் போதும். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலும், வீட்டின் முழு முகவரியும், அடையாளமாகச் சொல்லத்தக்க ஓர் இடமும் பெரிய எழுத்தில் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கட்டும். பதற்றத்தில் சொந்த வீட்டுக் கதவு எண்ணே மறந்துபோகும்.

சந்தா செலுத்தும் சேவையைத் தேர்ந்தெடுப்பதாயின், அழைப்பு மையத்தில் இரவு இரண்டு மணிக்குத் தமிழில் பேச ஆள் இருக்கிறாரா, அவர்கள் அனுப்பும் அவசர ஊர்திக்குத் தனிக் கட்டணம் உண்டா, உங்கள் ஊர் வரை அது வருமா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மைய நகரங்களில் சிறப்பாக இயங்கும் சேவை, ஊருக்கு வெளியே பெயரளவில் மட்டும் இருக்கலாம். 14567 என்னும் முதியோர் உதவி எண்ணைப் பலர் இதனுடன் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஆலோசனைக்கும் வழிகாட்டலுக்கும் உரிய பயனுள்ள எண். விழுந்து கிடப்பவர் நள்ளிரவில் அழைக்க வேண்டிய எண் அன்று.

இரண்டாவது கேள்வி தாழ்ப்பாள். விற்பனைத் துண்டறிக்கை எதிலும் இதைப் பற்றி ஒரு சொல் இராது. நம் வீடுகளில் இரவானால் கிரில் கதவுக்கு உட்புறம் பூட்டு, மரக்கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள், குளியலறைக்கும் உள்தாழ்ப்பாள். தனித்து வாழும் பெண்களுக்கு இந்த மூன்றும் இல்லாமல் உறக்கம் வராது. அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அதே தாழ்ப்பாள்தான் உதவிக்கு வந்தவரையும் வெளியே நிறுத்துகிறது. என் தந்தை ஒரு முறை மயங்கி விழுந்தபோது, பொத்தான் அழுத்தப்பட்டது, அண்டை வீட்டார் ஐந்தே நிமிடத்தில் வந்தார்கள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மருத்துவனான நான் அதுவரை தாழ்ப்பாளைப் பற்றி எண்ணிப் பார்த்ததே இல்லை.

இதற்குத் தீர்வு எளியது, செலவும் குறைவு. இருபுறமும் சாவியால் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்தி, உள்ளே சாவியைச் செருகி விட்டுவிடாமல், மறு சாவியை நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரிடம் கொடுத்து வைக்கலாம். மேல் தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாம். குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்தும் திறக்கத்தக்க தாழ் பொருத்தலாம். தனியாக வாழ்பவர் குளியலறையைத் தாழிடவே தேவையில்லை. ஆள் இருப்பதற்கு அடையாளமாகக் கதவின் மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்தால் போதும்.

மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 90 வயதைக் கடந்தவர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்தது. அங்கே அழைப்புக் கருவிகள் பரவலாக இருந்தன. ஆயினும், விழுந்து நெடுநேரம் தரையில் கிடந்த நிகழ்வுகளுள் பெரும்பாலானவற்றில் கருவி பயன்படுத்தப்படவே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நம் ஊர் முதியவர்கள் சொல்லும் காரணங்களை நான் அறிவேன். "அவன் வேலையில் இருப்பான், எதுக்குத் தொந்தரவு" என்பார்கள். "கழுத்துல மாட்டிக்கிட்டு அலைய நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா" என்பார்கள். சொல்லாமல் விடும் காரணம் ஒன்றும் உண்டு. ஒரு முறை அழுத்திவிட்டால், இனி உன்னைத் தனியாக விட முடியாது என்று சொல்லி வீட்டைப் பூட்டி முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்னும் அச்சம். அழைப்பின் விலை தம் வீடாக இருக்குமோ என்று அஞ்சுபவர், வலியைப் பொறுத்துக்கொண்டு விடியும்வரை கிடப்பார். ஆகவே கருவியைக் கொடுக்கும்போதே பிள்ளைகள் ஒரு வாக்கும் கொடுக்க வேண்டும்: இதை அழுத்தியதற்காக உங்களை உங்கள் வீட்டிலிருந்து பெயர்க்க மாட்டோம். அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் உரிமை அணிபவருக்கே உரியது. வளையல் அணிந்து பழகிய கைக்கு மணிக்கட்டுப் பட்டை பொருந்தும். கழுத்தில் ஏற்கெனவே தாலிச் சங்கிலியும் துளசி மாலையும் இருப்பவருக்கு இன்னொரு கயிறு உறுத்தலாம். வீட்டில் வேட்டியோடு மட்டும் இருக்கும் ஆடவர்களுக்குச் சட்டைப் பையே கிடையாது. கைப்பேசியை எப்போதும் உடன் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்கு அறிவுரை கூறுவது வீண். என்னிடம் வரும் பெரியவர் ஒருவர் பொத்தானை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டிருக்கிறார். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், இதுவரை நான் கண்டவற்றுள் அதுவே மிகச் சிறந்த ஏற்பாடு. குளிக்கும்போதும் அது அவரை விட்டுப் பிரிவதில்லை.

கைக்கடிகார வகையில், விழுவதைத் தானே அறிந்து அழைக்கும் வசதி 2018 முதல் பரவலாகப் பேசப்படுகிறது. திடீர் வீழ்ச்சியையும் அதைத் தொடரும் மோதலையும் உணர்ந்து, அணிந்தவர் அசையாதிருந்தால் தானாக அழைப்பு விடுக்கும். மயங்கி விழுபவர்களுக்கு இது பெரும் உதவி. ஆனால் முதியவர்கள் பலர் அப்படித் தொப்பென்று விழுவதில்லை; கட்டில் விளிம்பிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ மெல்லச் சரிகிறார்கள். அதைக் கருவி உணராமல் போகலாம். மேலும் இவ்வகைக் கடிகாரங்கள் பலவற்றை நாள்தோறும் மின்னேற்ற வேண்டும். பெரும்பாலோர் அதை இரவில் கழற்றி வைத்து மின்னேற்றுகிறார்கள். சிறுநீர் கழிக்க எழுந்து இருட்டில் தடுமாறுவதும் அதே இரவில்தான். பகலில், யாரேனும் உடனிருக்கும் நேரத்தில் மின்னேற்றுவதே முறை. வைஃபையை நம்பி இயங்கும் கருவியாயின், மின்சாரம் நின்றால் ரூட்டரும் நிற்கும் என்பதை மறவாதீர்கள். ரூட்டரை இன்வெர்ட்டரோடு இணையுங்கள்.

பொருள்வசதி குறைந்த குடும்பங்கள் இதையெல்லாம் படித்துவிட்டு மனம் தளர வேண்டியதில்லை. மின்பொருள் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பியில்லா அழைப்பு மணியை வாங்கி, மணியை அண்டை வீட்டிலும் பொத்தானைக் குளியலறையிலும் பொருத்தலாம். சுவர்கள் குறுக்கிட்டால் எட்டும் தொலைவு குறையும். எனவே பொருத்துவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். பொத்தானை நிற்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்காமல், தரையில் கிடப்பவரின் கைக்கு எட்டும்படி ஒரு சாண் உயரத்தில், தண்ணீர் தெறிக்காத மூலையில் ஒட்டுங்கள். மருத்துவமனைக் கழிப்பறைகளில் அழைப்புக் கயிறு தரைவரை தொங்குவதும் இதற்காகவே. அதைத் துப்புரவுக்கு இடைஞ்சல் என்று மேலே சுருட்டிக் கட்டுபவர்கள் எங்கும் உண்டு.

நினைவிழப்பு நோய் உள்ளவர்களுக்கு இவை எவையும் பொருந்தா. அழுத்த வேண்டும் என்பதே அவர்களுக்கு நினைவில் இராது. அவர்களுக்கு உடனிருக்கும் மனிதரே தேவை. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கூடத்திலும் படுக்கையறையிலும் படக்கருவி பொருத்தி நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பதை நான் ஆதரிப்பதில்லை. பெற்றவர்கள் முழு மனத்தோடு இசைந்தால் அது வேறு. காலையில் குறித்த நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு, எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு மறு அழைப்பு என்னும் வழக்கம், எனக்குத் தெரிந்த பல குடும்பங்களில் படக்கருவியைவிட நன்றாகப் பயன்பட்டிருக்கிறது. அடுக்ககங்களில் கோலம் இல்லாவிட்டாலும், கதவில் தொங்கும் பையில் எட்டு மணிக்கும் எடுக்கப்படாமல் இருக்கும் பால் பாக்கெட் பேசும். அதைக் கவனிக்கும்படி எதிர்வீட்டாரிடம் சொல்லி வைக்கலாம்.

அந்த அம்மையார் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது நடைச்சட்டத்தின் துணையோடு தம் வீட்டிலேயே இருக்கிறார். அந்தக் கருவி தண்ணீர் பட்டாலும் கெடாத வகை என்பதை அதன் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தார்கள், ஆங்கிலத்தில். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு முறை சோதனைக்காக அழுத்துகிறார். எதிர்வீட்டுப் பெண் தம்மிடமுள்ள சாவியால் கதவைத் திறந்துகொண்டு வருகிறார். முதல் வாரம் பதினோரு நிமிடம் ஆயிற்றாம், சாவியை எங்கே வைத்தோம் என்று தேடியதில். இப்போது மூன்று நிமிடம்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே கருவி இருந்தால், அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது அதையும் கொண்டு வாருங்கள். பட்டை இறுக்கமாக இருக்கிறதா, பொத்தானை மூட்டுவாத விரல்களால் அழுத்த முடிகிறதா, முதல் எண்ணாக யார் பதிவாகியிருக்கிறார் என்பவற்றை எங்கள் செவிலியர் பார்த்துச் சொல்வார்கள். பையில் வைத்துக் கொண்டு வராமல், அணிந்துகொண்டே வந்தால் இன்னும் நல்லது.