கனடாவின் துப்பாக்கித் தடை: உரிமம் பெற்றவர்களின் எதிர்ப்பு ஏன் ஓயவில்லை?

கனடாவில் தடை செய்யப்பட்ட துப்பாக்கிகளை வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பொது மன்னிப்புக் காலம் 2026 அக்டோபர் 30ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு அவை வீட்டில் இருந்தாலே குற்றம். இந்தத் திட்டத்தை நடத்தி முடிக்கும் பொறுப்பு இலங்கையில் பிறந்து சிறு வயதில் கனடா சென்ற தமிழர் ஒருவரிடம் இருக்கிறது. 2025 மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சரான கேரி ஆனந்தசங்கரிதான் அவர்.

துப்பாக்கி என்றதும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் தூக்குத் தண்டனையும் நினைவுக்கு வரும் மலேசியர்களுக்கு இந்தச் சர்ச்சையே விசித்திரமாகத் தெரியலாம். கனடா பரந்த காடுகள் உள்ள நாடு. மான் வேட்டை அங்கே பல குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் இறைச்சி சேர்க்கும் வழி. உரிமம் வைத்திருப்போர் 20 லட்சத்துக்கும் அதிகம். அந்த உரிமமும் எளிதில் கிடைப்பதில்லை. பாதுகாப்புப் பயிற்சியில் தேர்ச்சி பெற வேண்டும், பின்னணிச் சோதனை உண்டு, முதன்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உரிமதாரர் பெயர் போலீஸ் பதிவுகளோடு தினமும் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது.

இவர்களின் எதிர்ப்பை அமெரிக்கர்களின் வாதத்தோடு சேர்த்துப் பார்ப்பது தவறு. ஆயுதம் ஏந்தும் உரிமை கனடிய அரசியல் சாசனத்தில் இல்லை என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1993லேயே சொல்லிவிட்டது. விவரம் தெரிந்த உரிமதாரர் யாரும் அதை மறுப்பதில்லை. அவர்கள் கேட்பது வேறு: சட்டம் கேட்ட எல்லாவற்றையும் செய்தவரிடம், யாரோ செய்த குற்றத்துக்காகத் துப்பாக்கியைக் கேட்பது எப்படி நியாயம்?

இந்தக் கேள்விக்கு அழுத்தம் கொடுப்பது தடை பிறந்த விதம். 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் ஒருவன் 22 பேரைக் கொன்றான். அடுத்த மாதம் முதல் தேதியே, நாடாளுமன்ற விவாதம் எதுவுமின்றி, அமைச்சரவை ஆணை மூலம் சுமார் 1,500 வகைத் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. கொலையாளியிடம் உரிமமே இருந்ததில்லை. அவனுடைய ஆயுதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்டவை. டொராண்டோ தெருக்களிலும் இதே கதைதான். அங்கு போலீசார் கைப்பற்றி மூலம் கண்டுபிடித்த கைத்துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை எல்லை தாண்டி வந்தவையே. தடைப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் கடத்தல்காரனுக்கு அது பொருட்டல்ல.

2022 நவம்பரில் பட்டியலை மேலும் விரிவாக்கும் திருத்தம் ஒன்று சி-21 மசோதாவில் கொண்டுவரப்பட்டது. வேட்டைக்காரர்கள் அன்றாடம் பயன்படுத்தும் சில அரைத் தானியங்கித் துப்பாக்கிகளும் அதில் சிக்கின. பூர்வகுடித் தலைவர்கள் கொதித்தெழுந்தனர். ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் கேரி பிரைஸ் தம் வேட்டைத் துப்பாக்கியோடு படம் வெளியிட்டு எதிர்த்தார். அவரும் பூர்வகுடி மரபினர்தான். 2023 பிப்ரவரியில் அரசு அந்தத் திருத்தத்தை மீட்டுக்கொண்டது. ஆனால் 2024 டிசம்பரில் 324 வகைகளும், 2025 மார்ச்சில் 179 வகைகளும் மீண்டும் ஆணை வழியாகவே தடை செய்யப்பட்டன. முன்வாசலில் தடுக்கப்பட்டது பின்வாசல் வழியாக வந்துவிட்டது என்று உரிமதாரர்கள் கருதினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் அவர்கள் பேசத் தயங்கும் ஒரு பக்கம் உண்டு. 1989 டிசம்பர் 6ஆம் தேதி மாண்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டனர். கொலையாளி அந்தத் துப்பாக்கியைச் சட்டப்படி வாங்கியிருந்தான். 2017இல் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றவனும் உரிமம் பெற்றவனே. "உரிமம் உள்ளவர் ஆபத்தில்லாதவர்" என்ற வாதம் இங்கே உடைகிறது. மாண்ட்ரியலில் உயிர் தப்பியவர்களும் பலியானோரின் குடும்பங்களும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடுவது வீண் பிடிவாதமல்ல. அவர்களில் ஒருவரான நத்தாலி புரோவோ 2025இல் ஆளும் கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்கும் சென்றுவிட்டார்.

ஆகவே தடையே கூடாது என்பதை ஏற்பது கடினம். செய்த முறைதான் கோளாறு. நியூசிலாந்தைப் பார்க்கலாம். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். கொலையாளியிடம் முறையான உரிமம் இருந்தது. நோய்க்கும் மருந்துக்கும் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் சட்டம் இயற்றியது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 56,000 துப்பாக்கிகள் பணம் கொடுத்துத் திரும்பப் பெறப்பட்டன.

கனடாவோ ஆறாவது ஆண்டிலும் தடுமாறியது. அல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மாநிலங்கள் ஒத்துழைக்க மறுத்தன. கேப் பிரெட்டனில் நடந்த முன்னோட்டத்தில் 200 துப்பாக்கிகள் எதிர்பார்க்கப்பட்டன, வந்தவை 25. அதற்கு முன்பே, 2025 செப்டம்பரில், அமைச்சர் ஆனந்தசங்கரி தம் வீட்டு வாடகைதாரரிடம் பேசிய ஒலிப்பதிவு கசிந்தது. இதைச் செயல்படுத்த நகரப் போலீசாரிடம் ஆள்பலம் இல்லை என்றும், கியூபெக் வாக்காளர்களுக்கு இது முக்கியம் என்றும் அவர் அதில் பேசியிருந்தார். பேச்சு தவறானது என்று பிறகு வருத்தம் தெரிவித்து, திட்டத்தை முழுமையாக ஆதரிப்பதாகச் சொன்னார். எதிர்ப்பாளர்கள் ஐந்து ஆண்டு வாதாடியும் பெறாத ஆதாரம் அந்தச் சில நிமிடங்களில் கிடைத்துவிட்டது.

நடைமுறைச் சிக்கலோ இன்னும் பெரிது. நீளத் துப்பாக்கிப் பதிவேட்டை 2012இல் மத்திய அரசே ஒழித்துவிட்டது. கியூபெக் மட்டும் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. மற்ற மாநிலங்களில் இவற்றில் பல யார் வீட்டில் உள்ளன என்பது அரசுக்கே தெரியாது. உரிமையாளர் தாமாக முன்வந்து சொன்னால்தான் உண்டு. இழப்பீட்டுக்கு ஒதுக்கிய பணமும் சுமார் 1,36,000 துப்பாக்கிகளுக்கு மட்டுமே போதும். அந்தத் தொகை தீர்ந்த பிறகு வருபவருக்குப் பணம் கிடைக்காது. ஆனால் அக்டோபர் 30 கெடு அவருக்கும் பொருந்தும்.