டாலஸ் கைகழுவிய அணி

தேசியக் கால்பந்து லீகில் டெக்சாஸ் மாநிலம் கண்ட முதல் அணி, ஓர் ஆட்டப் பருவத்தைக்கூட அம்மண்ணில் முழுதாய்க் கழிக்கவில்லை. நியூயார்க்கில் நொடித்துப்போன யாங்க்ஸ் அணியின் உரிமையை 1952-இல் பெற்ற துணியாலைச் செல்வர் கைல்ஸ் மில்லர், அதற்கு டாலஸ் டெக்சன்ஸ் எனப் பெயரிட்டார். கல்லூரி ஆட்டங்களுக்கு நிரம்பி வழியும் காட்டன் பவுல் அரங்கில், செப்டம்பர் 28 அன்று நடந்த முதல் ஆட்டத்திற்கு வந்தோர் ஏறத்தாழ 17,500 பேர். இருக்கைகளோ 75,000.

மக்கள் வரவில்லை என்று மட்டும் சொல்லி இவ்வரலாற்றை முடிப்பது நேர்மையாகாது. வந்தவர்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதையும் சொல்ல வேண்டும். 1949-இல் லீகின் வீரர் தேர்வில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரான ஜார்ஜ் டாலியஃபெரோ இவ்வணியில் ஆடினார். அவரைப்போல் கறுப்பினத்தவரான பட்டி யங்கும் ஆடினார். அவர்கள் பந்தேந்தி ஓடுவதைக் காண வந்த கறுப்பின மக்களை அரங்கம் தனிப்பகுதியில் ஒதுக்கி அமர்த்தியது. காசைப் பெற்றுக்கொண்டு மானத்தைப் பறித்த இக்கொடுமையை எக்கணக்கேடும் நட்டமாக எழுதாது.

முதல் ஏழு ஆட்டங்களிலும் தோல்வி. நவம்பர் நடுவில் மில்லர் அணியை லீகிடமே ஒப்படைத்தார். வீடிழந்த வீரர்கள் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் தங்கி, எஞ்சிய ஐந்து ஆட்டங்களை ஆடித் தீர்த்தனர். நன்றி நவிலல் நாளில் ஓஹையோவின் ஆக்ரான் நகரில் சிகாகோ பேர்ஸை எதிர்கொண்டபோது அரங்கில் இருந்தோர் சுமார் 3,000 பேரே. ஒவ்வொருவரிடமும் சென்று கைகுலுக்கி வரலாம் என்று பயிற்சியாளர் ஜிம்மி ஃபெலன் சொன்னதாகக் கூறுவர். எதிரணிப் பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸ் இரண்டாம் நிலை வீரர்களை முதலில் களமிறக்கினார். டெக்சன்ஸ் 27–23 என வென்றது. பன்னிரண்டு ஆட்டங்களில் அதுவே ஒரே வெற்றி.

திறமையற்றோரின் கூட்டமா அது? அவ்வணியின் ஜினோ மார்செட்டியும் ஆர்ட் டானவனும் 1953-இல் பால்டிமோர் கோல்ட்ஸுக்கு அளிக்கப்பட்டனர். 1958-இல் அந்த அணி பட்டம் வென்றபோது தற்காப்பு வரிசையில் நின்றவர்கள் அவர்களே. பின்னர் இருவரும் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். பட்டி யங் 1964-இல் லீகின் தலைமையகத்திலேயே பொறுப்பேற்றார்.

ஆயினும் லீகின் பதிவேடு பால்டிமோரைப் புதிய அணியாகவே கொள்கிறது. டெக்சன்ஸ் வாரிசின்றி நிற்கிறது. வீரர்களை எடுத்துக் கொடுத்த லீக், அவர்கள் பட்ட பாட்டையும் பால்டிமோரின் வரலாற்றில் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அக்கடன் இன்றும் தீரவில்லை.