பத்தரைக்கு முன் இருபது நிமிடம்: பூன் லே பீர் கடை சொல்லும் கணக்கு

சனிக்கிழமை இரவு மணி 10.10. பூன் லே பேட்டையில் வீவக புளோக் ஒன்றின் கீழே சின்னதாய் ஒரு மதுபானக் கடை. நான்கு பேர் உள்ளே நின்றால் ஐந்தாமவர் வெளியே காத்திருக்க வேண்டும். இடம் அவ்வளவுதான். ஆனால் சுவரோரம் வரிசையாக நிற்கும் குளிர்சாதனப் பெட்டிகளில் பேரங்காடியில்கூடப் பார்க்க முடியாத பீர் வகைகள் இருக்கின்றன.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் துவாஸ் பக்கம் வேலை செய்யும் புதுக்கோட்டைக்காரர். 500 மில்லிலிட்டர் கடும் பீர் டின் ஒன்றை எடுத்தார். எனக்குப் பின்னால் அதே புளோக்கில் குடியிருக்கும் தம்பதி. ஆளுக்கொரு வகையாக, விலை கூடிய இரண்டு டின்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தனர்.

பணம் கட்டியதும் தம்பதி மின்தூக்கியில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டனர். புதுக்கோட்டைக்காரர் எதிரே இருந்த சிமெண்ட் இருக்கையில் உட்கார்ந்து முதலில் கைப்பேசியில் மணி பார்த்தார். பிறகுதான் டின்னைத் திறந்தார். பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும், விடுதி அறைக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை என்றார்.

கடையும் ஒன்று, சட்டமும் ஒன்று. ஆனால் அந்தச் சட்டம் தம்பதிக்கு ஒரு விதமாகவும் அவருக்கு வேறு விதமாகவும் பொருள்படுகிறது. ஏன் என்று பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

அக்கம்பக்கக் கடையின் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தாலே அந்த வட்டாரத்தில் யார் வாழ்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். மேல் தட்டில் சிறிய ஆலைகள் தயாரிக்கும் கைவினை பீர்கள். கண்மட்டத்தில், 1932ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரர்களுக்குப் பழக்கமான டைகர். பக்கத்திலேயே இந்தியாவின் கிங்ஃபிஷர். கீழ்த் தட்டில் 8 விழுக்காடும் அதற்கு மேலும் மதுச்சத்து கொண்ட கடும் பீர் வகைகள்.

ஒரு மூலையில் கருப்பு பீர். பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஸ்டவுட் நல்லது என்று நம்பிய தலைமுறை இன்னும் நம் பேட்டைகளில் இருக்கிறது. அந்த வரிசையில் இலங்கையின் லயன் ஸ்டவுட்டும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவில், தேயிலைத் தோட்டத் தமிழர்கள் வாழும் மலைநாட்டில், தொடங்கிய ஆலையின் வழிவந்தது அது.

பூன் லேக்கு இத்தனை வகை தேவைப்படுவதில் வியப்பில்லை. 1990ஆம் ஆண்டில் எம்ஆர்டி நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து பல ஆண்டுகளுக்கு மேற்கு எல்லையின் கடைசி நிலையமாக இருந்த இடம் இது. 2017ஆம் ஆண்டு ரயில்பாதை துவாஸ் வரை நீண்டது. ஆனாலும் தொழிற்பேட்டைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே இருப்பது இந்த வட்டாரம்தான். வேலை முடிந்து திரும்பும் வெளிநாட்டு ஊழியரும் வீவக வீட்டுக்காரரும் ஒரே கடையில் சந்திக்கிறார்கள்.

விலையில் வரி எவ்வளவு?

இங்கு பீருக்குக் கலால் வரி டின் கணக்கிலோ விலைக் கணக்கிலோ விதிக்கப்படுவதில்லை. அதிலுள்ள மதுச்சத்தின் அளவே கணக்கு. 2014ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 25 விழுக்காடு உயர்த்தப்பட்ட பிறகு, ஒரு லிட்டர் தூய மதுச்சத்துக்கு 60 வெள்ளி. ஒரு மில்லிலிட்டருக்கு 6 காசு என்று வைத்துக்கொண்டால் எளிது.

5 விழுக்காடு மதுச்சத்துள்ள 330 மில்லிலிட்டர் டின்னில் 16.5 மில்லிலிட்டர் மதுச்சத்து. கலால் வரி 99 காசு. 8 விழுக்காடுள்ள 500 மில்லிலிட்டர் டின்னில் 40 மில்லிலிட்டர். கலால் வரி 2 வெள்ளி 40 காசு. இதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி.

ஆக, தம்பதி வாங்கிய கைவினை பீரின் விலை கூடுதலாக இருப்பதற்குக் கலால் வரி காரணமல்ல. மூலப்பொருள், சிறிய அளவிலான தயாரிப்பு, கப்பல் கட்டணம், இவைதான் காரணம். கடும் பீரிலோ விலையின் பெரும்பங்கு வரி. அப்படியிருந்தும் ஊழியர் அதை எடுப்பதற்குக் காரணம், ஒரே டின்னில் இரண்டு டின்னின் வேலை முடிந்துவிடுகிறது. டின், போக்குவரத்து, கடைக்காரரின் லாபம் எல்லாம் ஒரு முறைதான். நேரமும் மிச்சம். அந்த நேரத்தில்தான் சிக்கலும் இருக்கிறது.

பத்தரை மணி எப்படி வந்தது?

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலை, ஹேம்ப்ஷியர் சாலை சந்திப்பில் தனியார் பேருந்தில் சிக்கித் தமிழக ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014ஆம் ஆண்டு மத்தியில் அறிக்கை அளித்தது. கலவரத்தைத் தீவிரமாக்கிய காரணங்களில் மதுபோதையும் ஒன்று என்று குழு கண்டறிந்தது.

2015 ஜனவரியில் நாடாளுமன்றம் மதுபான விநியோக, அருந்துதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஏப்ரல் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடைகளில் எடுத்துச் செல்ல மதுபானம் விற்கக் கூடாது. அதே நேரத்தில் பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. மீறிக் குடிப்பவருக்கு முதல் முறை 1,000 வெள்ளி வரை அபராதம். மீண்டும் செய்தால் 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். நேரம் தாண்டி விற்கும் கடைக்காரருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம்.

இந்தச் சட்டம் வெளிநாட்டு ஊழியர்களை மட்டும் மனத்தில் வைத்து வந்தது என்று சொல்வது சரியல்ல. கலவரத்துக்கு முன்பே அரசாங்கம் இதைப் பரிசீலித்து வந்தது. கிளார்க் கீ அருகே ரீட் பாலத்தில் இளையர்கள் கூடிக் குடித்து இரைச்சலிட்டதும் குப்பை போட்டதும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. பேட்டைகளில் புளோக்கின் கீழ்த்தளத்தில் நள்ளிரவு வரை நடந்த கூத்துகளைப் பற்றியும் புகார்கள் இருந்தன.

ஆனால் லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுபானக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாகத் தனியே அறிவிக்கப்பட்டன. அங்கு சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்க முழுத் தடை. பெரும்பாலான ஊழியர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை நாள் ஞாயிறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வீடு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும்

பூன் லே அந்த வட்டாரங்களில் சேராது. இங்கு இரவு 10.30 வரை வெளியே உட்கார்ந்து குடிப்பது குற்றமல்ல. மேலே வீடு உள்ளவருக்குப் பத்தரை என்பது கடை மூடும் நேரம் மட்டுமே. டின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும், நாளைக்கும் குடிக்கலாம். விடுதியில் தங்குபவருக்கோ அது குடித்து முடிக்க வேண்டிய நேரம்.

காப்பிக்கடையில் உட்காரலாமே என்று கேட்கலாம். உட்காரலாம். உரிமம் பெற்ற காப்பிக்கடை அதன் உரிம நேரம் வரை பரிமாறலாம். ஆனால் அங்கு பீர் விலை கூடுதல். ஊருக்குப் பணம் அனுப்பியது போக மீதியில் செலவு செய்பவர், சில்லறைக் கடைக்கு வருவதே அந்த வித்தியாசத்துக்காகத்தான்.

மிகைநேர வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுக் கடைக்கு வரும்போது மணி பத்தைத் தொட்டுவிடும். மீதமுள்ள இருபது, முப்பது நிமிடத்தில் 8 விழுக்காடு பீரை அரை லிட்டர் குடித்தாக வேண்டும். சாப்பாட்டுடன் பேசிக்கொண்டே மெதுவாகக் குடிப்பதற்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்குவதற்கும் உடம்பில் நடப்பது ஒன்றல்ல. ஒழுங்குக்காக வைத்த நேர வரம்பு, சிலரைக் கடும் பீரை அவசரமாகக் குடிக்க வைக்கிறது. சட்டம் இயற்றியவர்கள் விரும்பிய பலன் இதுவாக இருக்க முடியாது.

குடியிருப்பாளர்களின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் காலையில் காலி டின்கள் கிடந்தால் எந்தத் தாய்க்கும் கோபம் வரும். இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வரும் பெண்ணுக்குக் கீழ்த்தளத்தில் குடிப்பவர்கள் கூட்டமாக நிற்பது அச்சம் தரும். பத்தரை மணி வரம்பு அவர்களுக்கு நிம்மதி தந்திருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லவில்லை.

நமக்குப் பழைய கேள்விதான்

தமிழர்களுக்கு இது புதிய கேள்வியல்ல. மலாயா ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை தொழிலாளியின் வாசலுக்கே வந்தது. உழைத்த கூலி அங்கேயே கரைந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். காவல்துறை அவர்களைக் கடுமையாக அடக்கியது. கள்ளை எதிர்த்தவர்கள் வெளியாட்கள் அல்லர், தோட்டத் தொழிலாளர்களே.

தமிழகத்தில் 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். எதை விற்பது, எங்கே விற்பது எல்லாம் அரசின் முடிவு. வாங்கியவர் எங்கே உட்கார்ந்து குடிப்பார் என்பது பல ஊர்களில் சாலையோரத்துக்கும் வயல்வரப்புக்கும் விடப்பட்டுவிட்டது. அந்த ஊரிலிருந்து வந்தவர்தான் பூன் லேயில் அத்தனை வகை பீருக்கு முன்னால் நிற்கிறார். இங்கு வகை இருக்கிறது, தரம் இருக்கிறது. உட்கார இடம் மட்டும் இங்கும் இல்லை.

குடிப்பதைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் ஒழுக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். குடியால் சீரழிந்த குடும்பம் ஏதேனும் ஒன்றை நம் உறவுக்குள்ளேயே பார்த்திருப்பதால் அது இயல்பு. ஆனால் நேரத்தையும் இடத்தையும் பற்றிய பேச்சும் அதே அளவு முக்கியம்.

என்ன செய்யலாம்?

ஊழியர்களுக்கான பொழுதுபோக்கு நிலையங்களிலும் பெரிய விடுதிகளின் பொது வெளியிலும், மேற்பார்வையுடன் அமர்ந்து குடிக்கும் இடத்தை இரவு வேலை நேரத்துக்கு ஏற்ப ஒதுக்குவது பற்றி நடத்துநர்கள் யோசிக்கலாம். அங்கே உணவும் தண்ணீரும் கிடைக்க வேண்டும். குடியை விட நினைப்பவருக்குத் தமிழில் ஆலோசனையும் அதே இடத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. பேட்டையின் கீழ்த்தளமும் அமைதியாக இருக்கும்.

கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. குறைந்த மதுச்சத்துள்ள பீரைக் கீழ்த் தட்டு விலையில், குளிர்ச்சியாக, கண்ணில் படும்படி வைத்தால் எடுப்பவர்கள் எடுப்பார்கள். 3 விழுக்காடு பீருக்குக் கலால் வரியும் குறைவுதான்.

அன்று இரவு 10.27க்குப் புதுக்கோட்டைக்காரர் எழுந்தார். காலி டின்னை நசுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தார். மறுநாள் ஞாயிறு. ஆனாலும் மிகைநேர வேலை இருக்கிறதாம். கடையில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.