ஸ்னூக்கர் ஆடினால் காலிப்பயலா?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அணைக்கட்டுப் பூங்காவில் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து நீட்டினார். பக்கத்து டவுனில் ஒரு மாடியில் ஸ்னூக்கர் கடை போட்டிருக்கிறார்களாம், காலேஜ் பையன்கள் கெட்டுப் போகிறார்களாம், உடனே மூட வேண்டும் என்று கலெக்டருக்கு மனு. 18 பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"ஏனுங்க, அந்தக் கடைக்குள்ள ஒரு தடவ போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"அங்கெல்லாம் நாம எதுக்குங்க போறது? குச்சியில பந்தைக் குத்தறதெல்லாம் ஒரு வெளையாட்டுங்களா? காசு வெச்சு ஆடறானுங்க."

நான் கையெழுத்துப் போடவில்லை. பேச்சு தடித்துவிட்டது. அங்கே நான் சொல்ல வந்து சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். மனுவில் கையெழுத்திட்டவர்களில் பாதிப்பேர் இதைப் படிப்பவர்கள்தான். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கடைசிவரை படித்துவிடுங்கள்.

முதலில், இது எங்கோ சீமையில் பிறந்த ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. 1875ல் ஜபல்பூரில் இருந்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் மழைக்காலத்தில் பொழுது போகாமல் பில்லியர்ட்ஸ் மேஜையில் கலர் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார்கள். நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரிதான் அதற்கு ஸ்னூக்கர் என்று பெயர் வைத்தவர். (பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) அவர் 1880களில் ஊட்டிக்கு வந்தார். ஆட்டத்தின் விதிகளை ஒழுங்காக எழுதி சுவரில் மாட்டியது ஊட்டி கிளப்பில்தான். உலகம் பூராவும் இன்று ஆடும் ஆட்டத்துக்குச் சட்டம் எழுதியது நம்ம நீலகிரியில்!

மின்வாரிய வேலையாக நான் நீலகிரியில் நாலு வருஷம் இருந்தேன். அந்த கிளப் வாசலைத் தாண்டி எத்தனையோ தடவை போயிருக்கிறேன். உள்ளே உறுப்பினர்களுக்குத்தான் அனுமதி. அந்த மேஜையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. நம்மூர்க்காரர் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் ஆகியும் ஆட்டம் அதே மதில் சுவருக்குள்தான் இருக்கிறது. மாடியில் கடை போட்டு மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாடகைக்கு விடுகிறவன்தான் அதைச் சாதாரணப் பையன் கைக்குக் கொண்டு வந்திருக்கிறான். அவனைத்தான் நாம் மூடச் சொல்கிறோம்.

இப்போது 2013 அக்டோபருக்கு வாருங்கள். அந்த மாசம் 16ஆம் தேதி ஜெய்ப்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 360 ரன் இலக்கை ஒரே விக்கெட் இழப்பில் எட்டிப் பிடித்தோம், கோலி 52 பந்தில் சதம் அடித்தார். அதை மறந்திருக்க மாட்டீர்கள். அதே வாரம், 14 முதல் 18 வரை, டெல்லியில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில் இந்தியன் ஓப்பன் ஸ்னூக்கர் போட்டி நடந்தது. உலகத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தரவரிசைப் புள்ளி கிடைக்கிற போட்டி இந்தியாவில் நடந்தது அதுதான் முதல் தடவை. முதல் பரிசு 50,000 பவுண்டு, அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 50 லட்சம் ரூபாய்.

அதில் மும்பைக்காரர் ஆதித்யா மேத்தா, 27 வயது, அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் ஸ்டீஃபன் மக்வயரை 4-3 என்று கடைசி ஃப்ரேம் வரை போய் ஜெயித்தார். தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதிக்குப் போன முதல் இந்தியர். இறுதியில் சீனாவின் டிங் ஜுன்ஹுயியிடம் 5-0 என்று தோற்றார். தோற்றது அவமானமே இல்லை, ஏனென்றால் அந்த சீசனில் டிங்கை யாராலும் பிடிக்க முடியவில்லை. செப்டம்பரில் ஷாங்காய், அக்டோபரில் டெல்லி, நவம்பரில் செங்டு, பிப்ரவரியில் பெர்லின், ஏப்ரலில் பெய்ஜிங்: ஒரே சீசனில் ஐந்து பட்டம். 1990-91ல் ஸ்டீஃபன் ஹென்ட்ரி செய்த சாதனையைச் சமன் செய்தார். (அப்படிப்பட்டவர் உலகச் சாம்பியன் போட்டியில் முதல் சுற்றிலேயே மைக்கேல் வாஸ்லி என்ற, அதிகம் கேள்விப்படாத பையனிடம் 10-9ல் தோற்று வெளியேறியதும் அதே சீசன்தான். ஆட்டத்தின் அழகே அது.)

அந்த சீசனில் நடந்த 12 தரவரிசைப் போட்டிகளில் ஐந்து சீனாவில். டிங் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஊருக்கு ஊர் மேஜை போட்டார்கள், டி.வி.யில் காட்டினார்கள், கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். நாம்? பங்கஜ் அத்வானி 2013 பிப்ரவரியில் வெல்ஷ் ஓப்பன் காலிறுதி வரை போனார், அதற்கு முன்பு எந்த இந்தியரும் போகாத தூரம். 2014ல் தொழில்முறை ஆட்டமே வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டார். இந்தியன் ஓப்பன் டெல்லிக்குப் பிறகு மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம், கொச்சி என்று சுற்றிவிட்டு 2019டன் நின்றுபோனது. வலது பக்கம் ஆந்திரா வரை வந்தது, இடது பக்கம் கேரளா வரை வந்தது. விதி எழுதிய தமிழ்நாட்டுக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. யாராவது வருத்தப்பட்டோமா?

"சர்க்கார் இதுக்கெல்லாம் பணம் குடுக்குமா?" என்று கேட்கலாம். அதே 2013 நவம்பரில் ஆனந்த்-கார்ல்சன் செஸ் போட்டியைச் சென்னையில் நடத்த ஜெயலலிதா அரசு 29 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனந்த் தோற்றார். பணம் வீணா? 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். அந்தப் போட்டி நடந்தபோது அவருக்கு ஏழு வயது. உள்ளூரில் பெரிய ஆட்டம் நடந்தால் சின்னப் பையன்கள் கண்ணில் படும், அவ்வளவுதான் விஷயம்.

சூதாட்டத்துக்கு வருகிறேன். காசு வைத்து ஆடுவது தப்பு, சில கடைகளில் அது நடக்கிறது, சிகரெட் புகையும் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ராஜவாய்க்கால் கரையில் ஆலைக்கொட்டாய்க்குப் பின்னால் காசு வைத்துச் சீட்டு ஆடாத வருஷம் உண்டா? அதற்காக வெல்லம் காய்ச்சுவதை நிறுத்தச் சொன்னோமா? பந்தயம் கட்டுகிறவனைப் பிடியுங்கள், மேஜையை ஏன் உடைக்கிறீர்கள்? 1930ல் போட்ட சூதாட்டச் சட்டமே, திறமையால் ஆடும் ஆட்டத்தைச் சூதாட்டத்தில் சேர்க்கவில்லை. 12 அடி நீள மேஜையில் ஒரு பந்தை அடித்து, அது இன்னொன்றைக் குழியில் தள்ளி, தானும் அடுத்த அடிக்கு வசதியான இடத்தில் போய் நிற்க வேண்டும். இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது? இதே சமயம் 'மனமகிழ் மன்றம்' என்று பலகை மாட்டி உள்ளே சாராயம் ஊற்ற லைசன்ஸ் தருகிறார்கள். அதற்கு எதிராக நம் பெஞ்சிலிருந்து ஒரு மனு போனதாக ஞாபகம் இல்லை.

பையன்கள் ஏன் அந்த மாடிக்குப் போகிறார்கள் என்று யோசித்தோமா? நம் மாவட்டம் மார்க்குக்குப் பேர் போனது. பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்கு டெஸ்ட் வைத்தே வளர்த்தோம். என் பேரன் பன்னிரண்டாவது முடிக்கும்வரை ஒரு மைதானத்தில் காலை வைக்கவில்லை. காலேஜுக்குப் போனதும், "அப்புச்சி, ஸ்னூக்கர்னு ஒண்ணு ஆடறேன், வீட்டுல சொல்லாதீங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னான். ஏதோ திருட்டுப் பண்ணியவன் மாதிரி குரலைத் தாழ்த்தினான் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2025 நவம்பரில் தோஹாவில் நடந்த பெண்கள் உலக ஸ்னூக்கர் போட்டியில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் சாம்பியன் ஆனார். பெண் பிள்ளை! அவரும் எங்கோ ஒரு மேஜையில்தான் பழகியிருப்பார். அந்த மேஜைக்கும் எதிராக 18 பேர் மனு போட்டிருந்தால்?

மனு போடத்தான் வேண்டும் என்றால் இப்படிப் போடுவோம். கடையில் ராத்திரி எத்தனை மணிவரை என்று நேரம் கட்டுங்கள், புகை பிடித்தால் அபராதம் போடுங்கள், மாவட்ட விளையாட்டு மைதானத்தில் அரசே இரண்டு மேஜை வாங்கிப் போட்டு ஒரு பயிற்சியாளரை வையுங்கள், ஊட்டியில் விதி எழுதிய அந்த அறையை வருஷத்தில் ஒரு நாளாவது பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு முதல் கையெழுத்து என்னுடையது.

வரும் சனிக்கிழமை பேரன் வருகிறான். அவனோடு அந்த மாடிக்கு நானும் போகிறேன். முழங்கால் வலிக்குப் படி ஏறுவதுதான் கஷ்டம். மனு எழுதிய நண்பரையும் கூப்பிட்டிருக்கிறேன், இன்னும் பதில் சொல்லவில்லை.