மலையிலிருந்து பெயர்த்த செடி வேண்டாம்

செருப்பு ஆர்க்கிட் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, செடி எங்கிருந்து வந்தது என்பதைத்தான். தென்னிந்தியக் காடுகளுக்கே உரிய ஒரே செருப்பு ஆர்க்கிட்டான பாபியோபெடிலம் ட்ரூரியை என்ற இனம், அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வளர்வது. 1865-ல் ஹீபர் ட்ரூரி கண்டறிந்த அந்த மஞ்சள் பூவை, சேகரிப்பவர்களின் ஆசையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. காட்டில் அது அற்றுப்போய்விட்டதாகவே ஒரு காலத்தில் நம்பினார்கள். அதை மலையிலேயே விட்டுவிடுவோம். நம் சமவெளி வெப்பத்துக்கு, இலையில் திட்டுத்திட்டாகக் கோலமிட்ட மாடியா வகைக் கலப்பினங்கள்தான் ஓரளவு ஒத்துவரும். பல ஆர்க்கிட்டுகளுக்கு உள்ளதுபோல் நீரைச் சேமிக்கும் பருத்த தண்டு செருப்பு ஆர்க்கிட்டுக்குக் கிடையாது. வேர் முற்றிலும் காய்ந்தால் செடி துவளும். நீர் தேங்கினால் அழுகும். ஆகவே மண் வேண்டாம், மரப்பட்டைத் துண்டுகள் போதும். பட்டை மக்கிவிடுவதால் ஓரிரு ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். உப்பேறிய போர் தண்ணீர் இலை நுனியைக் கருக்கிவிடும். மழைநீரைப் பிடித்துவைத்துக் காலையில் ஊற்றுங்கள். நடுக்குருத்தில் நீர் தங்கக் கூடாது. உச்சிவெயில் ஆகவே ஆகாது. இத்தனை கவனத்துக்கும் ஈடாக ஒரே பூ ஒரு மாதத்துக்கு மேலும் வாடாமல் நிற்கும். விதை ஆய்வகக் குடுவையில் முளைத்துப் பூவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் விலை கூடத்தான் இருக்கும். அந்த விலை நியாயமானது. மலைச்செடி, மலிவு என்று யாராவது நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள்.