பிளக் மாறினால் கம்பி மாறுமா?

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் திருப்பதிக்கு வரும் யாத்திரிகர்களுள் மின்சாரக் காரில் வருவோரும் இன்று உளர். திருமலை மலைப்பாதையில் 2022-ஆம் ஆண்டு முதல் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. பேருந்துகளுக்கு அவற்றுக்கென்றே அமைந்த மின்னேற்ற வசதி உண்டு. ஆனால் சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு விடுதியிலும் உறவினர் வீட்டிலும் இரவு தங்கும் கார்க்காரர், சுவரிலுள்ள பிளக் பாயிண்டையே நாடுகிறார். காரோடு வந்த கம்பியின் பிளக் பெரியது. சுவரிலுள்ள துளைகளோ சிறியவை. கடைத்தெருவில் ஓர் அடாப்டர் வாங்கினால் இரண்டும் பொருந்திவிடுகின்றன. பொருந்திவிட்டது என்பதனாலேயே அது தகுதியானது என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே நமது கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டு மின்சாரத்தில் காருக்கு மின்னேற்றுவது தவறன்று. 2001-இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த ரேவா கார், வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பவர் பிளக்கிலேயே மின்னேற்றப்பட்டது. வாகன உரிமையாளர் தம் வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கனவே உள்ள மின் இணைப்பைக் கொண்டே மின்னேற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகளும் கூறுகின்றன. கணக்கும் இதற்குச் சாதகமாகவே உள்ளது. 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுத்தால் 2,300 வாட். எட்டு மணி நேரத்தில் 18.4 யூனிட் ஆகிறது. யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று குறைத்து மதிப்பிட்டாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடலாம். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டரே. ஆகவே ஓர் இரவு மின்னேற்றம் இப்பயணத்துக்குப் போதுமானது.

பிழை வேறிடத்தில் உள்ளது. நம் நாட்டுப் பிளக்குகளுக்கும் சாக்கெட்டுகளுக்கும் ஐ.எஸ். 1293 என்னும் இந்தியத் தரநிர்ணயம் உண்டு. விளக்கு, மின்விசிறி போன்ற சிறு சாதனங்களுக்கு 6 ஆம்பியர். வெந்நீர்க் கொதிகலன் போன்றவற்றுக்கு 16 ஆம்பியர். பழைய வீடுகளில் இவையே 5 என்றும் 15 என்றும் வழங்கின. பெரிய பிளக் சிறிய துளையில் நுழையாதிருப்பது தற்செயல் அன்று. அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட காவல். அடாப்டர் அந்தக் காவலை நீக்குகிறது. அது மாற்றுவது பின்னின் உருவத்தை மட்டுமே; சுவருக்குள் செல்லும் கம்பியின் கனத்தை மாற்றும் ஆற்றல் அதற்கு இல்லை.

மின்னோட்டம் மும்மடங்கானால் உஷ்ணமும் மும்மடங்காகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒன்பது மடங்காகும். உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. தேய்ந்து தளர்ந்த ஒரு தொடுமுனையின் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். 5 ஆம்பியர் செல்லும்போது அங்கே 2.5 வாட் உஷ்ணம் பிறக்கிறது. 15 ஆம்பியர் செல்லும்போது 22.5 வாட். வானொலி பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கக் கையாளும் சிறு பற்றவைப்புக் கோலின் திறன் ஏறக்குறைய 25 வாட்தான். அத்தகைய கோல் ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து இரவெல்லாம் வைத்திருப்பதற்கு ஒப்பாகும் இது. அடாப்டரோ ஒரு தொடுமுனை இருந்த இடத்தில் இரண்டை உண்டாக்குகிறது.

கால அளவையும் எண்ண வேண்டும். வெந்நீர்க் கொதிகலன் நீர் சுட்டதும் நின்றுவிடும். இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் ஓயும். காரோ எட்டு மணி நேரம் இடையறாது மின்சாரத்தை இழுக்கும். அதுவும் வெளிவெப்பம் 40 பாகைக்கு மேல் ஏறும் இராயலசீமைக் கோடையில்! எம்.சி.பி. என்னும் தானே துண்டிக்கும் ஸ்விட்சு காக்கும் என்று நம்பியிருக்கவும் இயலாது. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தையே அது அறியும். தளர்ந்த முனையின் சூட்டை அறியாது. சில மின்னேற்றக் கம்பிகளின் பிளக்கில் உஷ்ணம் உணரும் கருவி உண்டு. அடாப்டர் இடையில் புகுந்தால் சூடாகும் முனை ஓரிடத்திலும், உணரும் கருவி வேறிடத்திலும் ஆகிவிடும்.

'எர்த்' எனப்படும் நிலத்தொடர்பு இன்னும் முக்கியமானது. ரப்பர் டயர்களின்மேல் நிற்கும் காரின் உடலில் மின்கசிவு ஏற்பட்டால், அதைத் தொடும் மனிதனே நிலத்துக்கு வழியாகிறான். இரண்டு பின் அடாப்டர் இந்த நிலத்தொடர்பை அறுத்துவிடுகிறது. எர்த் இல்லையெனில் மின்னேற்ற மறுக்கும் கருவிகள் உண்டு. அவற்றை ஏமாற்ற, எர்த் பின்னை நியூட்ரல் கம்பியோடு முடிந்துவிடுவோரும் உளர். நியூட்ரல் எங்கேனும் அறுந்துபோனால் காரின் உடல் முழுவதும் மின்னூட்டம் பெறும். இது உயிரோடு விளையாடுவதாகும். வறண்ட மண்ணில் எர்த்தின் தடை உயர்வதால், மழை குறைந்த இப்பகுதியில் எர்த் குழிக்கு நீரூற்றிப் பேணுவதும் கடமையே.

"ஒரே ஓர் இரவுதானே? இதற்காகவா புது ஒயரிங்?" என்று கேட்பர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விருந்தாளியாக வந்தவர் பிறர் வீட்டுச் சுவரை உடைக்க முடியாது. ஆனால் விடுதியும் சத்திரமும் நடத்துவோர் செய்யலாம். கார் நிறுத்துமிடத்தில் தனிச் சுற்று ஒன்று, 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தரமுத்திரை பெற்ற 16 ஆம்பியர் சாக்கெட், நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி: இவையே வேண்டுவன. காரின் விலையோடு ஒப்பிட இச்செலவு மிகச் சிறிது. மின்சுமை அனுமதிக்கப்பட்ட அளவை மீறுமாயின், திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின்விநியோக நிறுவனத்திடம் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2019-இல் மின்னேற்ற நிலையங்களுக்கென வகுத்த பாதுகாப்பு விதிகள், மின்னேற்றும் கம்பியோடு நீட்டிப்புக் கம்பியைச் சேர்க்கலாகாது என்கின்றன. நிலையத்துக்கே தகாதது வீட்டுக்கு மட்டும் தகுமா?

இங்கே ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆசிரியர் வீட்டு மின்சாரத்தைத் தொடாமலே இதனை விளக்கலாம். டார்ச் விளக்கின் மின்கலம் ஒன்றோடு மெல்லிய இரும்பிழையை ஒரு கணம் இணைத்தால் அது சூடேறிச் சிவக்கும். அதே சுற்றிலுள்ள தடித்த செம்புக் கம்பி அவ்வாறு ஆவதில்லை. மாணவன் அதை வீட்டில் போய்ச் சொல்வான். களப்பணியாளர் ஒரு வீட்டுக்குச் சென்றால் கேட்க வேண்டியவை சிலவே. சாக்கெட் எத்தனை ஆம்பியர்? கம்பி தனிச் சுற்றா? எர்த் சோதிக்கப்பட்டதா? மின்னேற்றம் தொடங்கி அரைமணி கழித்துப் பிளக் சுடுகிறதா? சுட்டால் முதலில் மின்னேற்றத்தை நிறுத்தி, ஸ்விட்சை அணைத்து, அதன்பின்னரே பிளக்கை எடுக்கச் சொல்ல வேண்டும்.

புதிய வாகனத்தை வரவேற்போம். அதற்கு ஏற்ற கம்பியையும் அதனோடு வரவேற்போம். சிறிய துளையில் பெரிய பிளக் நுழையவில்லையென்றால் அது நம்மைத் தடுக்கவில்லை, எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைச் சில ரூபாய் அடாப்டரால் வாயடைக்காமல் இருப்பதே விவேகம்.