பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கும் பல் டாக்டர்கள்!

சென்னையில் காலை நேர பஸ்களில் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டபடி பல் மருத்துவ மாணவ – மாணவிகள் போவதைப் பார்க்கலாம். "இவங்களுக்கென்ன, நாளைக்கு டாக்டர்!" என்பார்கள் பக்கத்தில் நிற்பவர்கள். ஆனால் ஊரார் பல்வலியைத் தீர்க்கப்போகும் இவர்களில் சிலருக்குத் தாடையிலேயே வலி!

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஓர் அசைவு தெரியும். அதுதான் தாடை மூட்டு. கவலையில் இருப்பவர்கள் தம்மை அறியாமலே பல்லைக் கடிப்பார்கள். தூக்கத்திலும் 'நறநற'வென்று கடிப்பதுண்டு. தாடைத் தசை இறுகும். காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் 'டக்'கென்று சத்தம், காதோரம் வலி, தலைவலி. இதற்குக் காரணங்கள் பல. மனக்கவலை அதில் முக்கியமான ஒன்று.

அப்படி என்ன கவலை? பி.டி.எஸ். படிப்பு 4 ஆண்டு, அதன் பிறகு பயிற்சி 1 ஆண்டு. இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை பல் அடைக்க வேண்டும், இத்தனை பல்செட் கட்ட வேண்டும் என்று 'கோட்டா' உண்டு. நோயாளி வராவிட்டால்? பல இடங்களில் மாணவரே ஆள் தேட வேண்டியதுதான். ஹாஸ்டல் வாட்ச்மேன், பூக்காரம்மா, ஊரிலிருக்கும் சித்தப்பா என்று ஒருவரையும் விடுவதில்லை. கைக்காசில் பஸ் செலவு கொடுத்து அழைத்து வருபவர்களும் உண்டு. பகலெல்லாம் கழுத்தைக் குனிந்து வேலை, இரவில் பாடம்.

உடம்பில் தெம்பில்லை, வேலையில் வெறுப்பு, 'என்னால முடியாது' என்ற நினைப்பு – இந்த மூன்றும் சேர்ந்த வேலைச் சோர்வை 2019-ல் உலக சுகாதார நிறுவனம் விளக்கிச் சொன்னது. அது நோயல்ல, ஓயாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. மாணவர் செய்வதும் சம்பளமில்லாத வேலைதானே!

வீட்டில் சொன்னால், "பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுடுப்பா" என்கிறார்கள். அதைச் செய்துதானே தாடை போயிற்று!

கற்றுக்கொள்ள எண்ணிக்கை தேவைதான். ஆனால் நோயாளியைக் கொண்டுவருவது நிர்வாகத்தின் பொறுப்பு. ஊர் ஊராக முகாம் போட்டால் ஏழைகளுக்கும் வைத்தியம் கிடைக்கும். சோர்ந்த கையில் சுழலும் டிரில் பொதுஜனத்தின் வாயில்தான் இறங்குகிறது. மற்றவர் வாயைத் திறக்கச் சொல்லும் இவர்கள், தங்கள் குறையைச் சொல்ல வாய் திறக்கட்டும். கல்லூரிகள் கவனிக்குமா?